மூன்று தொட்டி வைத்தும் குப்பை ஏன் கலக்கிறது?

வணக்கம். உங்கள் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் மாடிக்கு மாடி மூன்று நிறத் தொட்டி வைத்தும், சாயங்காலம் எல்லாம் ஒரே கருப்புப் பையில் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊழியர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. முதலில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் பேசுங்கள். பெரும்பாலும் அவர்கள் தள்ளுவண்டியில் ஒரு பை மாட்டத்தான் இடமிருக்கும். பிரித்துப் போட்டதெல்லாம் அங்கேயே கலந்துவிடும். மூன்று பை மாட்டும் வண்டி வாங்கிக் கொடுங்கள், துப்புரவு ஒப்பந்தத்திலும் அதை எழுதுங்கள்.

டீ மிஷின் பக்கத்தில் மிச்ச டீயை ஊற்ற ஒரு வாளி கட்டாயம் வேண்டும். நனைந்த காகிதத்தைப் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். பேப்பர் கப்பையே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. இதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.