கணினி கேள்வி – பதில்: கோயில் தளத்தில் கேள்விக்குறிகள்

(கட்டளைச் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கே: எங்கள் கோயில் தளத்தில் தமிழிலும் பர்மியத்திலும் விழா அறிவிப்புகள் போடுகிறோம். பழைய அறிவிப்புகள் சில வெறும் கேள்விக்குறிகளாகவும், சில ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகவும் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
– வாசகர், யாங்கோன்

ப: எழுத்துருவை விட்டுவிடுங்கள். எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள்தான் தெரியும்.

கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தள அட்டவணையின் பத்தி (நெடுவரிசை), மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று இருந்திருக்கும். அதை மீட்க வழியில்லை, மூலப்பிரதியைப் பார்த்து மறுபடி தட்டத்தான் வேண்டும்.

குப்பையாக வருவதைக் காப்பாற்றலாம். மேலே சாய்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்தான்: எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் சரியாக உள்ள பைட்டுகளைத் தரவுத்தளம் லத்தீன்1 என்று நினைத்துப் படிக்கிறது. முதலில் முழு பேக்கப் எடுங்கள். பிறகு ஆல்டர் டேபிள் கட்டளையில் அந்தப் பத்தியை முதலில் பிளாப் (வெறும் பைட்டுகள்) ஆக்கி, அடுத்த கட்டளையில் டெக்ஸ்ட், கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள். பலர் நேராக 'கன்வர்ட் டு' கொடுத்துவிடுகிறார்கள். அது பைட்டுகளை எழுத்தாக நினைத்து இன்னொரு முறை மாற்றி, குப்பையையே நிரந்தரமாக்கிவிடும்.

இனி பிசகாதிருக்க, பத்தி, தளத்தை இயக்கும் பிஎச்பி நிரலின் தரவுத்தள இணைப்பு, பக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இணைப்பில் மைஎஸ்கியூஎல்ஐ செட் சார்செட்டுக்கு யுடிஎஃப்8எம்பி4 கொடுங்கள்; அடிக்கடி மறக்கப்படுவது இதுதான். பக்கத்தில் மெட்டா சார்செட் வரி முதல் 1024 பைட்டுக்குள் வரவேண்டும். வெறும் 'யுடிஎஃப்8' போதாதா என்றால், தமிழுக்கும் பர்மியத்துக்கும் எழுத்துக்கு 3 பைட் போதும், இமோஜிக்கு 4 வேண்டும். பக்தர் ஒருவர் கும்பிடும் கை போட்டால் சேமிப்பு பிழை காட்டும், அல்லது செய்தி அந்த இடத்தோடு வெட்டுப்படும்.

கே: தமிழ் நன்றாக வருகிறது, பழைய பர்மியப் பதிவுகள் மட்டும் உதிரி வட்டங்களோடு சிதறித் தெரிகின்றன.
– வாசகர், மோல்மேன்

ப: அவை ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் தட்டியவை. மியான்மர் 2019 அக்டோபர் 1 முதல், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறியது. இரண்டும் ஒரே குறியெண் வரிசையைப் பயன்படுத்துவதால் கணினிக்குப் பார்த்தவுடன் பிரிக்கத் தெரியாது. கூகுள் வெளியிட்ட 'மியான்மர் டூல்ஸ்' நிரல்தொகுப்பு ஒவ்வொரு பதிவும் ஸோஜியாக இருக்கும் வாய்ப்புக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். 1-ஐ ஒட்டியிருப்பதை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நடுவில் விழுவதைக் கண்ணால் பாருங்கள். பர்மிய எழுத்தே இல்லாத தமிழ்ப் பதிவுக்கு எதிர்மறை முடிவிலி வரும், அதைத் தொட வேண்டாம். மூலத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். இரண்டு முறை மாற்றினால் எதுவும் மிஞ்சாது.

பழைய ஸ்டைல் கோப்பில் ஃபான்ட்-ஃபேமிலி வரியில் 'ஸோஜி-ஒன்' இருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு உள்ள கணினியில் சரியான யூனிகோடும் சிதறும். பர்மியத்தில் அடுக்கெழுத்துகள் வெட்டுப்படாமலிருக்க லைன்-ஹைட் 1.8 வைத்துப் பாருங்கள்.

கே: தளத்தில் பூசை நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது.
– வாசகர், பீகு

ப: சிங்கப்பூர் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால், நாம் 6.30. கையால் கழிக்காமல் டேட் டீஃபால்ட் டைம்ஸோன் செட்டில் 'ஏசியா/யாங்கோன்' என்று கொடுங்கள். அந்தப் பெயர் 2016-இல் வந்தது. பழைய பிஎச்பி பதிப்பு ஏற்காவிட்டால் 'ஏசியா/ரங்கூன்' வேலை செய்யும்.