ஆறு விளம்பரக் கையேடுகளும் ஒரு கோடை விடுமுறையும்

உங்கள் மகளைக் கோடைக்கால முகாம் எதிலாவது சேர்க்கலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய ஆறு விளம்பரக் கையேடுகளையும் ஒன்று விடாமல் படித்துவிட்டேன். ஆறிலும் ஏறக்குறைய ஒரே படம்தான். வெள்ளை மேலங்கி அணிந்த மூன்று பிள்ளைகள், ஒரு நுண்ணோக்கி, பின்னால் கொடி படர்ந்த செங்கல் கட்டடம். ஆறிலும் ‘நாளைய தலைவர்கள்’ வருகிறார்கள். நான்கில் கட்டணம் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்தில் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்: “எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது செய்கிறார்கள், இவள் மட்டும் சும்மா இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.” இந்த ஆறில் நான்கு நிறுவனங்கள் அந்தப் பயத்தை நம்பித்தான் கடை விரித்திருக்கின்றன.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. மகள் எந்த வாசல் வழியாகக் கல்லூரிக்குள் போகப்போகிறாள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் மட்டுமே பார்த்து இடம் கொடுக்கும் முறையென்றால், கோடைக்கால முகாம் எதுவும் சேர்க்கைக்கு ஒரு மதிப்பெண்கூடச் சேர்க்காது. பிடித்திருந்தால் போகலாம், சேர்க்கைக்காகப் போக வேண்டாம். இங்கிலாந்து என்றால், அங்கே பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து பழைய ஒற்றைக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துவிட்டன. எடுத்த பாடத்தில் ஏன் நாட்டம், அதற்காகப் பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்பதைத்தான் அவை சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. அமெரிக்கா என்றால், அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவாக இருக்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து.

அந்த 150 எழுத்துகளை ஒரு நாள் உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள். “புகழ்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரப் பயிற்சியில் கலந்துகொண்டேன்” என்று எழுதி முடித்த பிறகு, மிச்சம் இருக்கும் இடத்தில் என்ன எழுதுவீர்கள்? ‘கலந்துகொண்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சொல்ல ஒன்றும் இருக்காது. நல்ல கோடைக்கும் வெற்றுக் கோடைக்கும் நான் வைத்திருக்கும் சோதனை இது ஒன்றுதான்.

கையேடுகளுக்கு வருகிறேன். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய நான்கிலும் முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. முகாமை நடத்துவது பல்கலைக்கழகம் இல்லை. கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் விடுதிகளும் வகுப்பறைகளும் காலியாகும். அவற்றை வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் முகாம் நடத்துகின்றன. இது சட்டப்படி சரியான வியாபாரம்தான். ஆனால் அங்கே கிடைக்கும் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்காது, பாடம் நடத்துபவர் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் முகாம்களிலும் பல, கட்டணம் கட்டுகிற, சராசரி மதிப்பெண் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். அங்கே படித்ததால் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது எளிதாகும் என்று நினைப்பது பெற்றோரிடம் நான் அடிக்கடி காணும் தப்புக் கணக்கு. சேர்க்கை அலுவலர்களுக்குத் தங்கள் வளாகத்தில் யார் யார் வாடகைக்கு வருகிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

அதற்காக வாடகைக் கட்டடம் என்றாலே மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் மிகவும் மதிக்கும் கோடைத் திட்டங்களில் ஒன்றான, அமெரிக்காவின் சம்மர் சயின்ஸ் புரோகிராமும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமானதில்லை. 1959இல் தொடங்கிய அது, லாப நோக்கமற்ற ஒரு தனி அமைப்பு. பல வளாகங்களில் இடம் பெற்று நடக்கிறது. அதன் வானியல் பிரிவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைச் சிறு குழுவுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இரவு விழித்திருந்து தொலைநோக்கியில் படம் பிடிக்கிறார்கள், படத்தில் அதன் இடத்தை அளக்கிறார்கள், தாங்களே எழுதிய நிரலைக் கொண்டு அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறார்கள். மேகம் மூடிய இரவில் தரவு கிடைக்காது; மறுநாளும் மூடினால் குழுவில் சண்டை வரும். கடைசியில் அந்த அளவீடுகள் மைனர் பிளானட் சென்டருக்குப் போகின்றன. உலகெங்கும் உள்ள சிறுகோள் அளவீடுகள் வந்து சேரும் இடம் அது.

இப்போது உங்கள் ஐந்தாம் கையேட்டில் முகாமின் கடைசி நாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிறைவு விழா, குழுப் புகைப்படம்.

கணிதத்தில் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். கணித அறிஞர் ஆர்னால்டு ராஸ் அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய ராஸ் கணிதத் திட்டம், அதன் வழியில் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புரோமிஸ். இரண்டும் ஆறு வாரம். இரண்டிலும் எண் கோட்பாடுதான் அடிப்படை. ‘எளியவற்றைப் பற்றி ஆழ்ந்து யோசி’ என்பது ராஸ் திட்டத்தின் தாரக மந்திரம். இவற்றின் விண்ணப்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கணக்குத் தொகுப்பைக் கொடுத்து, வாரக்கணக்கில் வீட்டில் வைத்து யோசிக்க விடுகிறார்கள். முழு விடை வராவிட்டாலும் எதுவரை போனாய், எங்கே முட்டிக்கொண்டாய் என்று எழுதச் சொல்கிறார்கள். விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குகளோடு மல்லுக்கட்டிய ஒரு மாதம் வேறு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்திருக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். இவற்றில் கட்டணம் உண்டு, தேவைப்படுவோருக்கு உதவித்தொகையும் உண்டு. 1984 முதல் நடக்கும் ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அறிவியல் ஆய்வுத் திட்டம் இன்னும் ஒரு படி மேல்: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம், படிப்புக்கும் தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணமே கிடையாது. ஆனால் இடங்கள் மிகக் குறைவு, விண்ணப்பிப்பவர்களோ உலகெங்கும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கட்டும், ஆனால் அதை நம்பிக் கோடையைக் காலியாக வைத்திருக்க வேண்டாம்.

இத்தகைய திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். விடுமுறை தொடங்க மூன்று வாரம் இருக்கையில் “இன்னும் சில இடங்களே உள்ளன” என்று வருகிற அழைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “உங்கள் மகள் சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்” என்று, அவள் விண்ணப்பிக்காமலேயே வருகிற கடிதமும் அதே வகைதான். பள்ளி மாணவர்களின் முகவரிப் பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கின்றன.

கையேடு அனுப்பியவர்களிடம் கேட்கச் சில கேள்விகள் தருகிறேன், தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். போன ஆண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்? பாடம் நடத்துபவரின் பெயர் என்ன? முகாம் முடியும்போது என் மகள் கையில் என்ன இருக்கும்? உதவித்தொகை உண்டா? முன்பணம் எந்தத் தேதி வரை திரும்பக் கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்கு “திறமையான நிபுணர் குழு” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

போன ஆண்டு ஒரு தந்தை தன் மகனோடு வந்தார். மேஜையில் கோப்பு ஒன்றை வைத்தார். ஒன்பது சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். தலைமைப் பண்பு, ரோபோ, பொதுப் பேச்சு, செயற்கை நுண்ணறிவு. பையனிடம் கேட்டேன்: “இதில் எதை மறுபடி செய்யச் சொன்னால் சம்மதிப்பாய்?” அவன் கோப்பைப் புரட்டினான். முதலிலிருந்து கடைசி வரை புரட்டி, மீண்டும் முதலுக்கு வந்தான். தந்தைதான் பதில் சொன்னார். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். கண்ட சான்றிதழையெல்லாம் சேர்த்து யாரும் பண்டிதன் ஆனதாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு பையனின் நோட்டுப் புத்தகத்தையும் சொல்ல வேண்டும். எந்த முகாமுக்கும் போகாதவன். அவன் குடியிருந்த அடுக்குமாடியில் காலையில் லிஃப்ட் வர நேரமாகிறது என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். இவன் ஒரு கோடை முழுக்க, காலை ஏழிலிருந்து எட்டரை வரை மாடிப்படியில் உட்கார்ந்து குறித்திருக்கிறான். எந்த மாடியில் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை விநாடி காத்திருந்தார்கள், அழைப்பு இல்லாதபோது லிஃப்ட் எங்கே நின்றது. பென்சிலால் போட்ட கோடுகள், அடித்துத் திருத்திய எண்கள். 17ஆம் பக்கத்தில் தேதியைப் போட்டு ஒரே வரி: “இன்று தூங்கிவிட்டேன், தரவு இல்லை.” சும்மா நிற்கும்போது லிஃப்ட் தரைத்தளத்துக்குப் போய்விடுகிறது, காலையில் அழைப்புகளோ மேலிருந்து வருகின்றன, நடு மாடிக்கு மேலே நிற்கவைத்தால் காத்திருப்பு குறையும் என்று கண்டுபிடித்தான். மாலையில் எதிர்மாறு என்பதையும் எழுதியிருந்தான். அதைச் சிறு கணினி நிரலாக்கி ஓட்டியும் பார்த்தான். குடியிருப்போர் சங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை, லிஃப்ட் இன்றும் தரைத்தளத்தில்தான் நிற்கிறதாம். 17ஆம் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டான். கூடாது என்றேன். மற்றப் பக்கங்களை நம்பலாம் என்று எனக்குச் சொன்னதே அந்த வரிதான்.

உங்கள் மகளுக்கு உயிரியல் பிடிக்கும் என்கிறீர்கள். அவள் சொன்னதா, நீங்கள் சொல்வதா? அவள் சொன்னது என்றே வைத்துக்கொள்கிறேன். உயிரியலுக்கு ஆய்வகம் வேண்டுமே என்பீர்கள். வேண்டியதில்லை. 2002 முதல் இருக்கும் ஈபேர்ட் தளத்தில் அவள் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணிப் பதிவு செய்யலாம். காட்டில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த விலங்குப் படங்களை வகைப்படுத்த ஸூனிவர்ஸ் தளம் யாரையும் சேர்த்துக்கொள்கிறது. அதன் முன்னோடியான, விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூவில், 2007இல் ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, விண்மீன் மண்டலம் ஒன்றின் பக்கத்தில் யாரும் கவனிக்காத விசித்திரமான ஒளிப்படலத்தைக் கண்டு “இது என்ன?” என்று கேட்டார். வானியலாளர்கள் அதை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். அது இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. புரதங்களை மடிக்கும் ஃபோல்டிட் விளையாட்டை ஆடியவர்கள், விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்த ஒரு வைரஸ் நொதியின் வடிவத்தைச் சில வாரங்களில் நெருங்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரை 2011இல் வெளியானது. எதற்கும் கட்டணம் இல்லை.

தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டாலே போதுமா என்றால், போதாது. நாலு நாள் சொடுக்கிவிட்டு விட்டால் அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் போகிற சரக்குதான். அவளுக்கென்று ஒரு கேள்வி வேண்டும், சின்னதாக இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்பது போல. கேள்வி கிடைக்க இரண்டு வாரம் ஆகலாம். அந்த இரண்டு வாரமும் வெளியிலிருந்து பார்க்க அவள் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். உங்களுக்கான சோதனைக் காலம் அதுதான்.

பேராசிரியர்களுக்கு எழுதி இன்டர்ன்ஷிப் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், ஆனால் மின்னஞ்சலை அவள் எழுத வேண்டும், அவள் கணக்கிலிருந்து போக வேண்டும். “தங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன” என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்குக் கட்டுக்கட்டாக வருகின்றன. அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரையைப் படித்து, புரிந்ததை இரண்டு வரியிலும் புரியாததை ஒரு கேள்வியாகவும் எழுதட்டும். “மூன்றாவது வரைபடத்தில் இரண்டாம் வாரம் மட்டும் எண்ணிக்கை விழுகிறதே, ஏன்?” என்று கேட்கிற பெண்ணுக்குப் பதில் போடத் தோன்றும். பல ஆய்வகங்கள் பாதுகாப்பு விதிகளால் 18 வயது நிறையாதவர்களை ரசாயனங்களின் பக்கத்தில் விடுவதில்லை. அதனால் தரவைச் சரிபார்ப்பது, படங்களில் எண்ணுவது மாதிரியான வேலை இருந்தால் தாருங்கள் என்று கேட்பது நல்லது. இருபது பேருக்கு எழுதி இரண்டு பேர் பதில் போட்டால் அது நல்ல அறுவடை.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரையையே எழுதிக் கொடுத்து, ஏதோ ஓர் இதழில் போட்டும் தருகிறோம் என்பது உங்கள் ஆறாம் கையேடு. அதைக் கிழித்துப் போடுங்கள். நேர்காணலில் “உன் முறையியலில் என்ன குறை?” என்று ஒருவர் கேட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடையிலோ நூலகத்திலோ பகுதி நேர வேலை, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப்போவது ஆகியவையும் அந்தப் பத்து இடங்களில் எழுதத் தகுந்தவை. பெற்றோர் இதை நம்ப மறுக்கிறார்கள். பொறுப்போடு ஒரு வேலையை எட்டு வாரம் செய்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு எப்போதும் ஏதாவது இருக்கிறது.

இரண்டாம் கையேடு மட்டும் பரவாயில்லை. பல்கலைக்கழகமே நடத்துகிறது, ஆசிரியர்களின் பெயர் இருக்கிறது, களப்பணி இருக்கிறது, கட்டண விலக்கும் உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தால், கட்டணம் கடன் வாங்காமல் முடிகிற தொகையாகவும் இருந்தால் போகட்டும். சேர்க்கைக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். ஐந்தாம் கையேட்டுக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வந்து போகட்டும். சனிக்கிழமை காலை அவளை எனக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்கள் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.