ஆய்வு அறிக்கையை எப்படிப் படிப்பது? முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பற்றிச் சில கேள்விகள்

அம்மாவைச் சேர்க்க நினைக்கும் இல்லத்தைப் பார்வையிட்ட அரசு ஆய்வாளர்களின் அறிக்கையில் பன்னிரண்டு குறைகள் இருக்கின்றன. வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சமையலறையில் ஓடு பெயர்ந்திருப்பதும் ஒரு குறை, ஒருவருக்குரிய இன்சுலினை இன்னொருவருக்குப் போட்டதும் ஒரு குறை. அமெரிக்க அறிக்கைகளில் ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். எவ்வளவு தீவிரம், எத்தனை பேரைப் பாதிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துத் தருவது அது. ஜே, கே, எல் என்றால் உடனடி ஆபத்து என்று பொருள். அப்புறம், முந்தைய இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். அதே குறை மூன்றிலும் இருந்தால் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.

சொல்லிவிட்டுத்தானே ஆய்வுக்கு வருகிறார்கள்? அன்றைக்கு மட்டும் எல்லாம் பளபளவென்று இருக்காதா?

பல நாடுகளில் சொல்லாமல்தான் வர வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்கும், இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் ஒரு வருடம் தாண்டிவிட்டால் "இனி எந்த நாளும் வரலாம்" என்று இல்லத்துக்கே தெரிந்துவிடும், விரிப்புகள் மாறிவிடும். பரவாயில்லை. விரிப்பை ஒரே இரவில் மாற்றலாம், இளைத்துப்போன உடம்பை மாற்ற முடியாது. ஒரு மாதத்தில் எடை 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்திருந்தால் ஆய்வாளர் காரணம் கேட்பார். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் நீங்களும் கேளுங்கள்.

தாத்தாவின் இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம் என்கிறார்கள், நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நம்பலாமா?

முதலில் அந்தச் சிவப்பை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் சரி, கவனித்தால் போதும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை, அன்றே செவிலியரிடம் காட்ட வேண்டும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். குதிகாலையும் மறக்காதீர்கள், போர்வைக்குள் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

நோட்டுக்கு வருவோம். இரவு 10, 12, 2, 4 என்று ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். காலையில் டூட்டி முடிந்து கிளம்பும்போது மொத்தமாக எழுதியதாக இருக்கலாம். உண்மையான நோட்டில் 12.20 இருக்கும், 1.50 இருக்கும், "வலிக்கிறது என்றார், திருப்பவில்லை" என்ற குறிப்பு இருக்கும். அன்றிரவு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று பணிப் பட்டியலோடு ஒப்பிட்டால் விஷயம் வெளிவந்துவிடும். நாற்பது பேருக்கு இரண்டு பேர் என்றால் அந்த நோட்டில் இருப்பது நடக்கிற காரியமே இல்லை.

இன்னொன்று, இரண்டு மணி நேரம் என்பது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல. மெத்தை, தோலின் நிலை, சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துத்தான் அவருக்கான இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். பக்கவாட்டுக் கம்பி போடச் சொன்னால் மறுக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழப்பத்தில் இருப்பவர் கம்பியைத் தாண்டி ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே தலை சிக்கி இறந்தவர்களும் உண்டு. உயரம் குறைந்த கட்டிலும் கீழே ஒரு மெத்தை விரிப்பும் கேளுங்கள். இரவில் எதற்காக எழுந்தார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறைக்காகத்தான் இருக்கும்.

ஆய்வாளர் ஏன் வெந்நீரின் சூட்டை அளக்கிறார்?

இரண்டு பயங்கள். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும், அதனால் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியில் 60 டிகிரி வைக்கிறார்கள். அதே சூட்டில் குழாயில் வந்தால் முதியவரின் தோல் சில விநாடிகளில் வெந்துவிடும். எனவே குளிக்கும் இடத்தில் தண்ணீரைக் கலந்து குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் குளியல் தொட்டிக்கு 44 டிகிரிதான் உச்சவரம்பு.

புகார் கொடுத்தால் அதை அப்பாவின் மேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் பலருக்கும் உண்டு, காரணமில்லாமலும் இல்லை. பல இடங்களில் பெயர் சொல்லாமலே உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். எப்படிக் கொடுத்தாலும் "சரியாகக் கவனிப்பதில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து ஆய்வாளரால் எதையும் தேட முடியாது. "செவ்வாய் இரவு 7.10க்கு மணி அடித்தார், 7.45க்குத்தான் ஆள் வந்தது, அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது" என்று தேதியோடு எழுதுங்கள்.