அப்பா பக்கம்தான், ஆனா 600 பேர் பக்கம் இல்ல

கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு, நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பொண்ணு, இப்ப ஷா ஆலம்ல வேலை. வர்ற வருஷம் கல்யாணம். அப்பா வீட்டு வாசல்ல பந்தல் போட்டுத்தான் செய்யணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எங்களது தாமான் வீடு (வரிசையா கட்டுன குடியிருப்பு), முன்னால ஒரு கார் நிக்கிற இடம்தான். லிஸ்ட் 600 பேரைத் தாண்டிருச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா தமிழ்நாட்டு காலண்டரைப் பாத்து சனிக்கிழமை காலையில 10:30லேருந்து 11:30க்குள்ள தாலின்னு குறிச்சுக் குடுத்துட்டாரு. ஹால் எடுத்தா தலைவலி இல்லன்னு நான் சொல்றேன், "ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப எல்லாம் வீட்டுலதான செஞ்சோம்"னு அப்பா சொல்றாரு. நீங்க யார் பக்கம்?

பதில்:

தங்கச்சி, நான் அப்பா பக்கம்தான். ஆனா அந்த 600 பேர் பக்கம் இல்ல.

எங்க அக்கா கல்யாணம் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளிங்க வரிசை வீடு) நடந்துச்சு, நான் அப்ப சின்னப் பொண்ணு. ஆம்பளைங்க மூங்கில் வெட்டி, கீத்து பின்னி, ஒரே சாயங்காலத்துல பந்தலை நிக்க வச்சுட்டாங்க. பெஞ்சு தமிழ்ப்பள்ளியிலேருந்து வந்துச்சு, அண்டாவும் கரண்டியும் கோயில்லேருந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தங்குனது ஆயாக்கொட்டாயில, அதான் வேலைக்குப் போறவங்க புள்ளைங்களை விட்டுட்டுப் போற எடத்துல. விடியக்காலையில பெரட்டுக்குப் (பேர் கூப்பிடற எடம்) போயி, மரத்துல பால் வெட்டி ஸ்டோர்ல கொட்டிட்டு வந்த பொம்பளைங்க, கையில கித்தா (ரப்பர்) வாசம் போறதுக்கு முன்னாலயே வெங்காயம் உரிக்க உக்காந்துட்டாங்க, யாரும் யாரையும் கூப்பிடவே இல்ல, ஏன்னா போன மாசம் அவங்க வீட்டு விசேஷத்துல எங்கம்மா உக்காந்து உரிச்சிருக்காங்க. தோட்டத்து ஆபிஸ் பெரிய கிராணிகிட்ட ஒரு வார்த்தை சொன்னதோட பெர்மிட் விஷயமும் முடிஞ்சுது.

உங்கப்பா மனசுல ஓடுறது இந்தப் படம்தான். ஆனா அந்தப் படத்துல இல்லாத ஒண்ணையும் சொல்லிடறேன். அக்காவுக்குத் தாலி கட்டுனதை எங்கம்மா பாக்கல. கெட்டிமேளச் சத்தம் கேட்டு, சாம்பார் கரண்டியோட அடுப்பு பக்கத்துலயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்களாம். இதை ரொம்ப வருஷம் கழிச்சு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப அந்த லயமும் இல்ல, கித்தா மரமெல்லாம் எண்ணெய்க்கு வளக்கற செம்பனையாச்சு, அங்க இருந்த சனமெல்லாம் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூருன்னு சிதறிப் போச்சு. உங்க தெருவுல ரெண்டு பக்கத்து வீட்டுலயும் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவாங்க. அவங்க வந்து பந்தியில சாப்பிடுவாங்க, தப்பில்ல, ஆனா தேங்காய் துருவ வரமாட்டாங்க. அதனால வர்றவங்களை எண்ணுறதுக்கு முன்னால வேலை செய்யறவங்களை எண்ணச் சொல்லுங்க அப்பாவை. பந்தி பரிமாற யாரு, கார் நிறுத்துற இடத்தைக் காட்ட யாரு, ஐயருக்குக் கூடமாட நிக்க யாரு, ராத்திரி குப்பை அள்ள யாரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வேணும். அம்மா பேர் அதுல ஒரு எடத்துலயும் வரக்கூடாது.

என் நாத்தனார் மகன் கல்யாணத்தை இங்கயே தாமான் வீட்டுல செஞ்சோம், அக்டோபர் மாசம். நம்ம பக்கத்துல ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மத்தியானத்துக்கு மேல இடிமழை வெளுக்கும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், எங்க யாருக்கும் அன்னிக்கு ஞாபகம் வரல. ரெண்டு கெனோப்பி (வாடகைக் கூடாரம்) சேர்ற எடத்துல தண்ணி தேங்கி தேங்கி, கடைசி பந்தியில ஒரு பெரியவர் இலையில மொத்தமா கொட்டுச்சு பாருங்க. அவரு பாவம், ரசம் அதிகம்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு முன்னாடி காலையிலயே கரண்ட் போச்சு. ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், பந்தல் லைட்டு, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே வீட்டு மீட்டர்ல இழுத்தா அது என்ன பண்ணும்? ஜென்செட் வாடகைக்கு எடுத்துடுங்க, காசு பாக்காதீங்க. கெனோப்பிக்காரர்கிட்ட நடுவுல தண்ணி ஓட தகரம் வைப்பாரான்னு கேளுங்க. ரோட்டுல கூடாரம் போடறதுன்னா மஜ்லிஸ்ல, அதான் நகராட்சியில, முன்கூட்டியே எழுதிக் குடுத்து பெர்மிட் வாங்கணும், போலீஸ் ஸ்டேஷன்லயும் சொல்லணும், எதுத்த வீட்டுக்காரர் கார் எடுக்க வழி விடணும்.

உங்க தெருவுல மலாய்க்காரங்க இருந்தா அவங்க வீட்டு கெண்டுரி விருந்தையும் பாத்திருப்பீங்க, அவங்களும் வாசல்லதான் கூடாரம் போடுவாங்க, ரேவாங்னு தெருவே கூடி சமைக்கும், அதனால உங்க சிரமம் அவங்களுக்குச் சொல்லாமலே புரியும். நேர்ல போய் சொல்லுங்க, கார்டை கேட்டுல சொருகிட்டு வராதீங்க. நம்ம சமையல் சைவம்தான்னாலும் நம்ம வீட்டுப் பாத்திரத்துல சாப்பிட சிலருக்குத் தயக்கம் இருக்கும். மலாய் கேட்டரிங்காரர்கிட்ட சொல்லி அவங்களுக்குத் தனி மேஜை, தனி தட்டு வச்சுட்டா நிம்மதியா உக்காந்து சாப்பிடுவாங்க.

இப்ப அந்த முகூர்த்த நேரம். பெரியப்பாகிட்ட பணிவா சொல்லுங்க, சனிக்கிழமை ராகு காலம் 9லேருந்து 10:30ன்னு காலண்டர்ல போட்டிருக்கறது காலையில ஆறு மணிக்கு சூரியன் வர்ற கணக்கு. இங்க சூரியன் வர்றதே ஏழு மணி வாக்குலதான். அப்ப ராகு காலம் ஏறக்குறைய 10லேருந்து 11:30 வரைக்கும் வரும், அவரு குறிச்ச நேரம் கிட்டத்தட்ட முழுசா அதுக்குள்ளதான் விழுது! அது போக, அங்க 9 மணின்னா இங்க 11:30, லக்னமும் மாறும். நம்ம தாத்தா எழுதி வச்ச பழைய கணக்கும் அப்படியே ஒத்து வராது, ஏன்னா 1982 ஜனவரி 1ஆம் தேதி நம்ம கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்க. பேசாம உள்ளூர் ஐயர்கிட்ட இந்த ஊர் பஞ்சாங்கத்தை வச்சு குறிச்சு வாங்குங்க.

அதே 1982லதான் கல்யாணப் பதிவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்துச்சு. 1976ல போட்ட சட்டம், 1982 மார்ச் 1லேருந்து அமல். வீட்டுல தாலி கட்டுனா அதுவே பதிவு ஆகிடாது, வந்த ஐயர் பதிவு அதிகாரியா நியமிக்கப்பட்டவரா இருந்தாலே ஒழிய. ஜேபிஎன்ல, அதான் தேசியப் பதிவு இலாகாவுல, நோட்டீஸ் குடுத்து 21 நாள் காத்திருக்கணும், அப்புறம் ரெண்டு சாட்சியோட போகணும், நோட்டீஸ் குடுத்து ஆறு மாசத்துக்குள்ள முடிக்கணும். இதை அப்பாகிட்ட விடாதீங்க, நீங்களும் மாப்பிள்ளையும் லீவு போட்டு முடிச்சுருங்க.

சரி, என்னதான் செய்யறது? என் யோசனை இதுதான், புடிச்சா எடுத்துக்கோங்க. பந்தக்கால், நலுங்கு, தாலி மூணும் வீட்டுல, 150 பேரோட. கோயில் பழக்கம் உள்ள சமையக்காரரை வச்சு வாழை இலை சாப்பாடு. மீதிப்பேருக்கு இன்னொரு நாள் ராத்திரி ஹால்ல டின்னர், அதுக்கு அப்பா வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா போதும். பந்தக்காலை மட்டும் வாடகைக்காரங்ககிட்ட விடாம உங்க தாய்மாமன் கையால நடச் சொல்லுங்க, மாவிலை கட்ட அப்பாவோட பழைய தோட்டத்துக் கூட்டாளிங்க நாலு பேரைக் கூப்பிடுங்க. அவங்களுக்கு வயசாச்சு, கீத்து பின்ன முடியாது, ஆனா இந்தக் கட்டு சரியில்ல, அந்தப் பக்கம் சாயுதுன்னு நாற்காலியில உக்காந்து குறை சொல்லவாவது ஆள் வேணும்ல.

அம்மா முதல் வரிசையில உக்காரணும், இதுல மட்டும் பேச்சே கிடையாது. அந்த 150 பேர் யாருன்னு அப்பாவே அவர் கையால எழுதட்டும், சண்டை வரும், வரட்டும். முடிஞ்சதும் எனக்கு எழுதுங்க, கெனோப்பி எத்தனை சொல்லணும்னு அப்ப கணக்கு போடலாம்.