கழிவுநீர்க் குளத்து மீனும் கொல்கத்தா சந்தையும்: மானிடவியலாளர் பதில்கள்

கேள்வி: கொல்கத்தாவில் சாக்கடை நீரில் வளர்த்த மீனை விற்கிறார்களாமே, எப்படிச் சாப்பிடுகிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: மீனை நேரடியாகச் சாக்கடையில் விடுவதில்லை, அம்மா. நகருக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்புநிலம் இருக்கிறது. 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள வளர்ப்புக் குளங்களுக்கு 'பேரி' என்று பெயர்.

குளிர்காலத்தில் பேரியை வற்றவைத்து, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு இடுவார்கள். பிறகு கால்வாய் வழியே கழிவுநீரை விட்டு, சுமார் மூன்று வாரம் அசையாமல் நிறுத்துவார்கள். ஆழம் இடுப்பளவுதான். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. வெயில் அடிவரை இறங்கும், பாசி ஆக்சிஜனை விடும், பாக்டீரியா கழிவைச் சிதைக்கும், நோய்க்கிருமிகள் குறையும். முதலில் கொஞ்சம் குஞ்சுகளை விட்டுச் சோதித்து, அவை பிழைத்தால்தான் ரோகு, கட்லா, மிர்கால், திலேப்பியா எல்லாம். அதன்பின் கழிவுநீர் சிறிது சிறிதாகத்தான் போகும். மதகில் மூங்கில் தட்டி. கரையோரம் அலை அரிக்காமல் ஆகாயத்தாமரை.

தவறு பெரும்பாலும் மழைக்காலத்தில் நேரும். மேகமூட்டத்தில் பாசி அதிகம் ஆக்சிஜன் தராது. ஆனால் இரவில் அதுவும் சுவாசிக்கும். அந்த நேரம் கழிவுநீரைக் கூட்டினால் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய்பிளக்கும். உடனே மதகை அடைத்து, நல்ல நீர் விட வேண்டும். வானத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்தே மதகைத் திறக்கும் அந்தத் தொழிலாளர்களின் அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். மின்சாரம் தின்னும் சுத்திகரிப்பு ஆலையின் வேலையைச் செய்துகொண்டே நகரத்துக்கு மீனும் தருகிறார்கள்.

கேள்வி: அந்த மீன்களைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுகிறார்களாமே, பெரிதாக வளரும்வரை ஏன் காத்திருப்பதில்லை?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சந்தைதான் காரணம். கூலிக் குடும்பம் ஒரு கிலோ மீனின் துண்டை அல்ல, கால் கிலோவுக்குள் அடங்கும் முழு மீனைத்தான் வாங்கும். உயிர்மீனுக்கு விலையும் கூடுதல். அதனால் அலுமினியப் பானையில் நீரோடு கொண்டுபோய், வழிநெடுகக் கையால் நீரை அலைத்துக்கொண்டே இருப்பார்கள். விடியலில் ஏலம் முடிந்துவிடும். குளம் நகருக்கு வெகுதூரத்தில் இருந்தால் இது நடக்காது.

கேள்வி: எங்கள் ஏரியிலும் செய்யலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். இந்த முறை வீட்டுக் கழிவுநீருக்கு மட்டுமே பொருந்தும். தோல் தொழிற்சாலைக் குரோமியம் பாசியாலோ வெயிலாலோ அழியாது. வண்டலில் தங்கும், அடிமண்ணில் மேயும் மிர்கால் அதை விழுங்கும். கொல்கத்தாவிலும் டாங்ரா பகுதித் தோல் ஆலைகள் இதே கவலையைத் தந்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் அவற்றை இடம்மாற்ற உத்தரவிட்டது. உங்கள் ஏரியில் முதலில் வண்டலைச் சோதியுங்கள், நீரை மட்டும் சோதித்தால் போதாது.