ஒன்பது கோயில், பத்துப் புள்ளி: பயண வரைபடம் குறித்து வாசகர் கேள்விகள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையை முன்னிட்டு வந்த கேள்விகளில், இணைய வரைபடத்தை வைத்துப் பயணத் திட்டம் வகுப்பது பற்றிய சிலவற்றுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: டிசம்பரில் என் பெற்றோரையும் மாமனார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருச்சியில் இறங்கி, கும்பகோணத்தில் தங்கி, நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் தரிசிக்க எண்ணியுள்ளோம். கூகல் மேப்ஸில் ஒன்பது கோயில்களையும் வரிசையாக இட்ட பிறகு, விடுதிக்குத் திரும்பும் வழியைச் சேர்க்க முடியவில்லை. இதற்கு என்ன செய்வது? ஓட்டுநருக்கு வழியை எப்படி அனுப்புவது?
— ஈசூன் வாசகி

பதில்: புறப்படும் இடத்தையும் சேர்த்து, ஒரு வழித்தடத்தில் 10 இடங்களை மட்டுமே கூகல் மேப்ஸ் ஏற்றுக்கொள்ளும். விடுதி ஒன்று, கோயில் ஒன்பது என்றதும் கணக்கு நிறைந்துவிடுகிறது. திரும்பி வருவதற்கு இடமில்லை. எனவே பயணத்தை இரண்டு வழித்தடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வரம்பு இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றி வருவோர் உண்டென்றாலும், முதியவர்கள் நால்வரை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு அந்த ஓட்டம் ஆகாது.

பிரிப்பதும் எளிதுதான். திங்களூர் கும்பகோணத்துக்கு மேற்கே திருவையாற்றின் அருகிலும், ஆலங்குடி தெற்கே நீடாமங்கலம் செல்லும் பக்கத்திலும், திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர் ஆகிய மூன்றும் கிழக்கிலும் வடகிழக்கிலும் அடுத்தடுத்தும் இருப்பதால், இந்த ஐந்தையும் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகிய நான்கும் கடலை நோக்கிய பக்கத்தில் இருக்கின்றன. அவை இரண்டாம் நாளுக்கு. திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப் பகுதியான காரைக்காலைச் சேர்ந்தது என்பதால், வாடகை வண்டி எல்லை தாண்டிச் செல்வது பற்றி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

கூகல் மேப்ஸ் நீங்கள் கொடுத்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு தூரத்தையும் நேரத்தையும் கூட்டித் தருமே ஒழிய, எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும் என்று ஆராய்ந்து மாற்றித் தராது. இடங்களின் பெயர்களை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, மொத்தத் தூரம் குறைகிறதா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். அது காட்டும் நேரமும் சாலையில் ஓடும் நேரம் மட்டுமே. நம் கோயில்களில் பெரும்பாலானவை உச்சிக்காலப் பூசைக்குப் பின் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவில்தான் மறுபடியும் திறக்கப்படும், பகல் 1.10 மணிக்குச் சேர்வீர்கள் என்று வரைபடம் காட்டும் கோயிலில் நீங்கள் பார்க்கப்போவது சாத்திய கதவைத்தான். மார்கழி பிறந்துவிட்டால் நடை திறக்கும் நேரங்களும் மாறும். ஆகவே காலையில் மூன்று, மாலையில் இரண்டு என்று வகுத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள். திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலாபிஷேகத்தைக் காண விரும்பினால், அன்றைய கிழமைக்குரிய ராகு காலத்தை முதலில் குறித்துக்கொண்டு (ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை 4.30 முதல் 6 வரை) மற்ற நான்கு கோயில்களை அதற்கு ஏற்றவாறு அடுக்க வேண்டும். வேண்டுதல் இருந்தால் ஒழிய, திருநள்ளாற்றைச் சனிக்கிழமையில் வைக்காதீர்கள், கூட்டம் தாங்காது.

தேடும்போதும் கவனம் தேவை. ஆலங்குடி என்று மட்டும் தட்டினால் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வந்து நிற்கலாம். குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. எனவே ஆபத்சகாயேஸ்வரர் கோயில் என்ற பெயரையும் ஊரையும் சேர்த்தே தேடி, புள்ளி விழுந்த இடம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தானா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிங்கப்பூரர்களான நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும், வரைபடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடியிலேயே கொண்டுபோய் விடும். 1995 முதல் நம்மிடம் கட்டடத்துக்கு ஒரு குறியீடு என்பதுதான் முறை. இந்தியாவில் 1972-இல் அறிமுகமான பின்கோடும் ஆறு இலக்கந்தான் என்றாலும், அது ஓர் அஞ்சலகத்தின் விநியோக வட்டாரம் முழுவதையும் குறிப்பது; பல சிற்றூர்கள் ஒரே எண்ணில் அடங்கிவிடும். அந்த எண்ணை நம்பிப் புறப்பட்டால் ஏதோ ஒரு வயல்வெளியில் போய் நிற்க நேரும்.

ஓட்டுநருக்கு முழுத் திட்டத்தையும் அனுப்ப வேண்டாம். அன்றைய வழித்தடத்தின் இணைப்பை மட்டும் முந்தின இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதன் கீழே கோயில்களின் பெயர்களையும் சேர வேண்டிய நேரங்களையும் தமிழில் வரிசையாக எழுதிவிடுங்கள். இணைப்பைத் திறக்காதவரும் எழுத்தைப் படிப்பார். அவர் வேறு வரிசை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த ஊர்ப் பாலத்தில் வேலை நடக்கிறது என்பது வரைபடத்தைவிட அவருக்கு முன்னதாகத் தெரியும்.

கேள்வி: அண்ணன் சென்னையில், தங்கை மெல்பர்னில், நான் சிங்கப்பூரில். மூன்று குடும்பங்களும் சேர்ந்து செட்டிநாட்டிலும் மதுரையிலும் ஒரு வாரம் சுற்றத் திட்டமிடுகிறோம். எல்லாரும் இடங்களைச் சேர்க்கும்படியான ஒரே வரைபடத்தை உருவாக்க முடியுமா?
— தோ பாயோ வாசகர்

பதில்: முடியும். அதற்கு கூகலிலேயே இரண்டு வசதிகள் இருக்கின்றன. இரண்டையும் வேறு வேறு கட்டத்தில் பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து.

முதல் கட்டத்தில், மேப்ஸ் செயலியில் ஒரு பட்டியலைத் தொடங்கி, அதைத் திருத்தும் உரிமையுடன் அண்ணனுக்கும் தங்கைக்கும் பகிருங்கள். கைபேசியிலேயே எல்லாவற்றையும் செய்யலாம் என்பதால் வீட்டுக் குழந்தைகள்கூட ஆளுக்கு ஓர் இடத்தைச் சேர்ப்பார்கள். ஆயிரம் ஜன்னல் வீடு, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறை, யாரோ சொன்ன ஓர் உணவகம் என்று பட்டியல் நீளும். நீளட்டும். அதில் நாளும் இல்லை, வரிசையும் இல்லை. ஆசைகளைத் திரட்ட அது போதும்.

எங்கே போகிறோம் என்பது முடிவான பிறகு, ஒருவர் மட்டும் கணினியில் அமர்ந்து, சொந்த வரைபடம் வகுக்க உதவும் கூகலின் மை மேப்ஸில் வரைபடத்தை அமைக்க வேண்டும். அதன் ஆண்ட்ராய்டு செயலி 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், உருவாக்குவதும் திருத்துவதும் இணைய உலாவியில்தான் வசதிப்படும். கைபேசியின் மேப்ஸ் செயலியில் அதைத் திறந்து பார்க்கலாம். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நாளுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்து, 'முதல் நாள்: காரைக்குடி' என்பதைப் போலப் பெயரிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளிகளுக்கு இடையே வழி போடச் சொன்னால், அந்த வழி தனியாக ஓர் அடுக்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே நாள்தோறும் இடங்களுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்தாம் நாளிலேயே அடுக்குகள் தீர்ந்துபோகும். ஒரு வாரப் பயணத்துக்கு இடங்களை மட்டும் குறித்துவிட்டு, வழியை அன்றன்று மேப்ஸில் கேட்டுக்கொள்வதுதான் சரி.

ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய குறிப்புப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். விடுதியின் தொலைபேசி எண், கோயில் நடை நேரம், எந்த வாசலில் படிக்கட்டு குறைவு, சாப்பாட்டை முன்பே சொல்லி வைக்க வேண்டுமா என்பன போன்ற விவரங்களை அங்கேதான் எழுத வேண்டும். திருத்தும் உரிமையை இந்தக் கட்டத்தில் ஒருவரிடமே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். ஆளாளுக்குப் புள்ளியை நகர்த்தினால் பிறகு யாருடைய திட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதே புரியாது. அதேபோல, படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிர்க்கச் சொல்வேன். இணைப்பைத் திறப்பவர் திருத்திய வரைபடத்தைப் பார்ப்பார். படத்தை வைத்திருப்பவரோ பழைய திட்டத்தின்படி வேறோர் ஊரில் காத்திருப்பார்.

கேள்வி: வெளிநாட்டில் இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் இந்த வரைபடங்கள் திறக்குமா?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: மை மேப்ஸ் வரைபடத்துக்கு இணையம் தேவை. கூகல் மேப்ஸில் ஒரு வட்டாரத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம்; ஆனால் இணையமின்றி அது காருக்கான வழியை மட்டுமே சொல்லும், நடைவழியையும் பேருந்து, ரயில் விவரங்களையும் தராது. மை மேப்ஸ் வரைபடத்தைக் கேஎம்எல் (வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து, ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் திறந்துவைத்துக்கொள்வது இதற்கு ஒரு மாற்று. 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்டு அது இயங்குகிறது; பதிவிறக்கிவிட்டால் நடைவழியும் கிடைக்கும். சாங்கி விமான நிலையத்தில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாமல், வீட்டிலேயே பதிவிறக்கி, கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றித் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கார்களில் உறவினர்களுடன் ஈப்போ வழியாகப் பினாங்கு போகிறோம். வழியில் இரண்டு கார்களும் ஒரே இடத்தில் நின்று சாப்பிட வேண்டும். சென்ற முறை ஓய்வுத் தளத்தைக் குறித்து அனுப்பியும், பின்னால் வந்த கார் எங்கோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஏன் இப்படி?
— செங்காங் வாசகர்

பதில்: பெரும்பாலும் எதிர்ப்பக்கத் தளத்தைக் குறித்து அனுப்பியிருப்பீர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மாச்சாப், பாகோ போன்ற ஓய்வுத் தளங்கள் வடக்கே செல்வோருக்கு ஒன்றும் தெற்கே வருவோருக்கு ஒன்றுமாக, ஒரே பெயரில் சாலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. வரைபடத்தைச் சிறிதாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி போலத் தெரியும். தெற்கு நோக்கிய தளத்தைக் குறித்துவிட்டால், வடக்கே சென்றுகொண்டிருக்கும் காரை வரைபடம் அடுத்த வெளிவாசல் வரை ஓட்டி, திருப்பி, மறுபக்கமாகக் கொண்டுவரும். மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதை நினைவில் கொண்டு, நீங்கள் செல்லும் திசையில் சாலையின் இடப்புறத்தில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மேலும் இரண்டு செய்திகள். கட்டணச் சாலைகளைத் தவிர்க்கும் அமைப்பு யாருடைய கைபேசியிலாவது முடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கார் பழைய சாலையில் ஊர் ஊராகப் புகுந்து வரும். புறப்படும் முன் இரண்டு ஓட்டுநர்களும் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் பதிவான கார் எல்லை கடக்கும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் அளவாவது இருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடிக்கு முன்னுள்ள பெட்ரோல் நிலையத்தையே முதல் நிறுத்தமாகக் குறியுங்கள். விடுமுறை நாளில் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முந்தின வாரமே எந்த வரைபடத்தாலும் சொல்ல முடியாது. அதனால் சந்திக்கும் நேரத்தைச் சிங்கப்பூர் வீட்டிலிருந்து கணக்கிடாமல், ஜோகூர் பாருவைத் தாண்டிய பிறகு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீனாவுக்குச் செல்ல இருக்கிறோம். சிங்கப்பூர் ரோமிங் இருந்தால் கூகல் மேப்ஸ் திறக்கும் என்கிறார்கள். அதை நம்பலாமா?
— பொங்கோல் வாசகி

பதில்: திறக்கும், நம்ப வேண்டாம். சீனாவில் கூகல் சேவைகள் முடக்கப்பட்டிருந்தாலும், ரோமிங் தரவு நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகச் செல்வதால் செயலி இயங்கக்கூடும். ஆனால் சீனச் சட்டப்படி அங்குள்ள வரைபடங்கள் வேண்டுமென்றே சற்று விலக்கப்பட்ட ஆயத்தொலைவு முறையில்தான் வரையப்படுகின்றன. அதனால் நீங்கள் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அக்கரையில்கூட விழலாம். உள்ளூரில் அனைவரும் பயன்படுத்தும் அமேப் செயலியையோ, ஐஃபோன் வைத்திருந்தால் அங்கே அமேப்பின் தரவைக் கொண்டு இயங்கும் ஆப்பிள் மேப்ஸையோ பயன்படுத்துங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

கேள்வி: என் மகள் ஜப்பான் பயணத் திட்டத்தை வரைபடமாக்கி, அதன் இணைப்பைத் தோழிகளின் குழுவில் போட்டிருக்கிறாள். தாத்தா பாட்டிக்கும் அனுப்பினாள். இதில் ஆபத்து ஏதேனும் உண்டா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: முதலில் அந்த வரைபடத்தில் உங்கள் வீடு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று பகிர்ந்த வரைபடத்தை, குழுவில் உள்ள ஒருவர் வெளியே அனுப்பினால் முன்பின் தெரியாதவர்களும் திறக்க முடியும். வீட்டு முகவரியும் வெளியூரில் இருக்கும் தேதிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால், வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதை நாமே அறிவித்ததாகிவிடும். புறப்படும் இடமாகச் சாங்கி விமான நிலையத்தைக் குறித்து, தேதிகளை நீக்கிவிட்டு 'நாள் 1, நாள் 2' என்று மாற்றச் சொல்லுங்கள். தோழிகளின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் பகிர்வது இன்னும் பாதுகாப்பானது.

பயணத்தின்போது எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் அறிய விரும்பினால், வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று வரம்பு வைத்துப் பகிரும் வசதி இருக்கிறது. இரவு ரயிலிலிருந்து இறங்கி விடுதிக்கு நடக்கும்போது 1 மணி நேரத்துக்கு அதை அனுப்பினால் போதுமானது. நாள் முழுவதும் பகிரச் சொல்லி வற்புறுத்தினால் கைபேசியின் மின்கலம் தீர்வதுதான் மிச்சம்.

தாத்தா பாட்டிக்கு இணைப்பு எதற்கு? மை மேப்ஸில் வரைபடத்தை அச்சிடும் வசதி உள்ளது. ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, விடுதிகளின் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் ஓரத்தில் எழுதி, அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.