கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு: ரோபோ பேசுவது ஒரு படிப்பா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் உங்கள் ஊரில் மகள் தமிழ் மீடியத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். "ரோபோக்கள் தாமாகவே சமிக்ஞை பழகிக்கொள்ளும் ஆராய்ச்சிதான் செய்வேன்" என்கிறாள். அது சோறு போடுமா, கோயம்புத்தூரில் ரோபோட்டிக்ஸ் என்று பெயர் போட்ட பிரிவில் நன்கொடை கட்டி இடம் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நன்கொடை கட்டாதீர்கள். அவள் சொல்வதில் ஸ்க்ரூ முடுக்கும் வேலை குறைவு; பெரும்பகுதி புரோகிராமிங், புள்ளியியல், கொஞ்சம் உயிரியல்.

2007-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டாரியோ ஃப்ளோரியானோ, லாரன்ட் கெல்லர் குழுவினர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கூட்டத்துக்கு 10 ரோபோ, அப்படி 100 கூட்டம், 500 தலைமுறை. அத்தனை தலைமுறையும் கணினிக்குள் ஓடின. களத்தில் ஒரு பக்கம் உணவு, இன்னொரு பக்கம் விஷம். இரண்டிலும் சிவப்பு விளக்குதான். கிட்டப் போனால்தான் எது எதுவென்று தெரியும். ஒவ்வொரு ரோபோவும் நீல விளக்கைப் போடலாம், அணைக்கலாம். எப்போது போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. உணவருகே நின்றால் மதிப்பெண் கூடும், விஷத்தருகே நின்றால் குறையும். அதிக மதிப்பெண் பெற்றவற்றின் மரபணு, அதாவது ரோபோவை இயக்கும் நரம்பு வலை என்ற புரோகிராமின் எடை எண்கள், சிறு மாற்றங்களோடு அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கூட்டம் முழுக்க ஒரே மரபணு என்றால் நம்பகமான சமிக்ஞை பிறந்தது. சில கூட்டங்கள் உணவருகே விளக்குப் போட்டன, சில விஷத்தருகே. இரண்டாவது வழியில் லாபம் குறைவு; ஆனாலும் அதிலிருந்து மாற முடியவில்லை, ஏனென்றால் விளக்குப் போடும் வழக்கம் மட்டும் மாறி, அதைப் புரிந்துகொள்ளும் விதம் மாறாவிட்டால் மதிப்பெண் விழும். மரபணு வேறுவேறாக இருந்து, தேர்வும் தனித்தனி ரோபோவுக்கு என்றானபோதோ ஏமாற்று வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்த சேதியை அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வோம், அடுத்த தெருவுக்குச் சொல்வோமா? அதே கணக்குத்தான்.

இதை அவள் வீட்டு லேப்டாப்பிலேயே செய்து பார்க்கலாம். பைத்தான் மொழியும், அதில் கணக்குப் போட உதவும் நம்பை (NumPy) தொகுப்பும் போதும். ரோபோ கிட் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். திரையில் ரோபோக்களுக்குப் பதில் 10 புள்ளிகள், உணவுக்கும் விஷத்துக்கும் இரண்டு வட்டங்கள். ஒவ்வோர் எடைக்கும் 8 பிட். மேலே வரும் 20 சதவீதத்தை மட்டும் பெற்றோராக்கி, பிட்டுக்கு 1 சதவீத வாய்ப்பில் மாற்றம் வைத்துத் தொடங்கட்டும்.

தவறுவது பெரும்பாலும் நாலு இடத்தில். உணவும் விஷமும் தூரத்திலிருந்தே வேறாகத் தெரிந்தால் பேசவே தேவை இருக்காது. அவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தால் புள்ளிகள் இடத்தை மனப்பாடம் செய்துவிடும். ஒருமுறை ஓட்டியதை வைத்து முடிவு சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை (seed) மாற்றி 20 முறையாவது ஓட்ட வேண்டும். சென்சார் அளவுகளில் இரைச்சல், அதாவது தற்செயலான சிறு பிழைகள், சேர்க்காமல் வளர்த்த வலை, நிஜ ரோபோவில் ஏற்றியதும் தடுமாறும்.

முக்கியமான ஒப்பீடு ஒன்று உண்டு, பலர் விட்டுவிடுவார்கள்: நீல விளக்கே இல்லாமலும் அதே சோதனையை ஓட்ட வேண்டும். மதிப்பெண் சமமாக வந்தால் அங்கே பேச்சு பிறக்கவில்லை. இன்னொன்று, எல்லாம் உணவருகே கூடினால் தற்செயலாக எரியும் விளக்குகூட அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது.

படிப்புக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது எலக்ட்ரானிக்ஸ் எடுக்கட்டும். பிளஸ் டூவில் நிகழ்தகவு, மேட்ரிக்ஸ் பாடங்களை ஒதுக்க விடாதீர்கள். வேலையில் ரோபோவை விட்டு விலகினாலும் தரவுப் பகுப்பாய்வு, சிமுலேஷன் பக்கம் இந்தத் திறமை செல்லும்.

கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐஐடி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் சேர எழுத வேண்டிய ஜேஇஇ நுழைவுத் தேர்வில் முதல் கட்டமான மெயினைத் தமிழில் எழுதலாம். அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டும். ஆகவே இயற்பியலை இப்போதிருந்தே ஆங்கிலத்திலும் படிக்கட்டும். பாலக்காடு மாவட்டத்தின் அகத்தேத்தறை, ஸ்ரீகிருஷ்ணபுரம் பொறியியல் கல்லூரிகளுக்குக் கேரள நுழைவுத் தேர்வான கீம் (KEAM). தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்ஆஃப். ஆனால் எட்டு முதல் பிளஸ் டூ வரை கேரளத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது கிடைக்குமா என்று பொள்ளாச்சி தாலுகா ஆபீசிலோ, உங்கள் பூர்வீக ஊருக்குரிய ஆபீசிலோ இந்த வருஷமே விசாரித்துவிடுங்கள். கிடைக்காது என்றால் கீம் தேர்வைத்தான் முதலில் வைக்க வேண்டும்.